குழந்தைக்கு முதல் தையல் மிஷின்: எவ்வளவு மெதுவாக ஓடும் என்று கேளுங்கள்!

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று பெற்றோர் எல்லாருக்கும் தெரியும். டேப்லட், சைக்கிள், கேமரன் மலைக்கு ஒரு பயணம். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் இந்த முறை கேட்டது தையல் மிஷின். “விளையாட்டு மிஷின் இல்லம்மா. பாட்டி வெச்சிருந்தாங்களே, அந்த மாதிரி நெசமா தைக்கிற மிஷின்” என்று விளக்கமும் கொடுத்தாள்.

வானொலியில் தினமும் நான்கு மணி நேரம் பேசுகிறவள் நான். தையல் மிஷினைப் பற்றிப் பேசச் சொன்னால் நான்கு நிமிடத்துக்குக்கூட என்னிடம் செய்தி இல்லை. இத்தனைக்கும் என்னை ஊடகவியல் பட்டம் வரை படிக்க வைத்ததே ஒரு தையல் மிஷின்தான். கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்து ரவிக்கையும் பஞ்சாபி சூட்டும் தைத்துத்தான் அம்மா என் கல்விக் கட்டணத்தைக் கட்டினார். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அந்த மிஷின் நள்ளிரவுக்கு முன் நின்றதே இல்லை. அக்கம் பக்கத்தில் எல்லாருக்கும் புதுத்துணி தைத்துக் கொடுத்துவிட்டு, தமக்கு எடுத்த சேலைக்கு ரவிக்கை தைக்க நேரமில்லாமல் பழைய ரவிக்கையோடு கோயிலுக்குப் போன தீபாவளிகள் அவருக்கு உண்டு.

அந்த அம்மா எனக்குத் தையல் கற்றுக்கொடுக்கவே இல்லை. மிஷின் பக்கம் போனால், “போய்ப் படி” என்பார். முதுகும் கண்ணும் ஒத்துழைக்காமல் போனபோது மிஷினை விற்றுவிட்டார். பேத்தியின் ஆசையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “இந்த வேலை என்னோட போகட்டும்னு நெனச்சேன். மறுபடியும் வீட்டுக்குள்ள கொண்டு வராத” என்றார்.

ஆக, என் முன்னே இரண்டு கேள்விகள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த மிஷின் ஏற்றது? அதை வாங்கத்தான் வேண்டுமா? கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா, தலைநகரின் மஸ்ஜிட் இந்தியா, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்று சில வாரங்கள் ஏறி இறங்கினேன். மிஷின் விற்பவர்கள், பழுது பார்ப்பவர்கள், தையல்காரர்கள் எனப் பலரிடம் பேசினேன். தெரிந்துகொண்டது மற்ற பெற்றோருக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அரிசி மூட்டைத் தையல்

நான் விசாரித்துக்கொண்டிருந்த நாட்களில் உறவினர் ஒருவர் மகளுக்கு ஒரு பரிசு கொண்டு வந்தார். பேட்டரியில் ஓடும், இளஞ்சிவப்பு நிறச் சின்ன மிஷின். கடைகளிலும் இணையத்திலும் ஐம்பது, அறுபது வெள்ளிக்குக் கிடைப்பது. மகள் ஆசையாக உட்கார்ந்தாள். ஒற்றைத் துணியில் ஏதோ ஓடியது. ஓரத்தை இரண்டு முறை மடித்துக் கொடுத்ததும் ஊசி இறங்கவில்லை. மேசையில் மிஷின்தான் நகர்ந்ததே தவிர துணி நகரவில்லை. அரை மணி நேரம் போராடிவிட்டு, “எனக்குத் தைக்க வரல” என்று எழுந்து போய்விட்டாள்.

தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். மகள் தைத்த துணியை எடுத்துத் திருப்பினார். நூல் நுனியைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். தையல் முழுவதும் சரசரவென்று பிரிந்து கையோடு வந்தது. “அரிசி மூட்டை வாயைத் தெச்ச மாதிரி தெச்சிருக்கு. மிஷின் சரியில்ல, பிள்ளை மேல என்ன குறை?” என்றார். அவர் குரலில் இருந்தது கோபம்.

அம்மா சொன்ன அரிசி மூட்டைக் கணக்கு எல்லாப் பெற்றோருக்கும் தெரிய வேண்டியது. இத்தகைய விளையாட்டு மிஷின்கள் பலவற்றில் ஒரே நூல்தான். ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம் கோத்துச் சங்கிலி போலப் போகும் தையல் அது. சரியான முனையை இழுத்தால் மூட்டை வாய் திறப்பது போல மொத்தமும் பிரியும். மூட்டைக்கு அது வசதி. உடுப்புக்கு ஆகாது. உண்மையான தையல் மிஷினில் இரண்டு நூல்கள். மேலே நூல்கண்டிலிருந்து ஒன்று, கீழே பாபினிலிருந்து ஒன்று. ஊசி கீழே கொண்டு போகும் மேல்நூலை அடியில் சுழலும் கொக்கி பிடித்து, அடிநூலைச் சுற்றி வரச் செய்கிறது. ஒவ்வொரு தையலிலும் இரண்டு நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால் முனையை இழுத்தாலும் பிரியாது.

சில சின்ன மிஷின்களிலும் பாபின் உண்டு. ஆனாலும் எடை போதாது, மோட்டாருக்கு வலு போதாது, உதிரி பாகமும் கிடைப்பதில்லை. ஆபத்தாவது குறைவு என்றால் அதுவும் இல்லை. பொம்மை மிஷினிலும் இருப்பது உண்மையான ஊசிதான். பல மாதிரிகளில் விரலைத் தடுக்கும் காப்புகூடக் கிடையாது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியம். மிஷின் நின்றுபோனால் அது மிஷினின் குறை என்று பெரியவர்களுக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளை அதைத் தன் குறையாகவே எடுத்துக்கொள்கிறது. அதன்பின் ஆசை போய்விடும். மட்டமான கருவி ஐம்பது வெள்ளியை மட்டும் வீணாக்குவதில்லை.

அன்று இரவு அம்மாவே பேச்செடுத்தார். “வாங்குறதுன்னா ஒழுங்கானதா வாங்கு. நானும் கூட வரேன்.”

வேகம்தான் முதல் கேள்வி

கடைக்குப் போனால் விற்பவர் முதலில் சொல்வது, இந்த மிஷினில் எத்தனை வகைத் தையல் வரும் என்பதைத்தான். இருபது, அறுபது, நூறு. பூ வரும், இலை வரும், எழுத்தும் வரும். குழந்தைக்கு வேண்டியது நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் மட்டுமே. நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: “இது எவ்வளவு மெதுவாக ஓடும்?”

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கான மின்சார மிஷின் மிதியை முழுதாக அழுத்தினால் நிமிடத்துக்கு 800 தையல் போடுவது சாதாரணம். ஒரு தையலின் நீளம் 2.5 மில்லிமீட்டர் என்றால், ஒரு நிமிடத்தில் 2 மீட்டர் துணி ஊசிக்கு அடியில் ஓடிவிடும். அதாவது ஒரு நொடிக்கு 3 சென்டிமீட்டருக்கும் மேல். பிள்ளையின் விரல் ஊசியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், துணியோடு சேர்ந்து போகும் அந்த விரலை எடுக்க அவளுக்கு இருப்பது ஒரே நொடி.

வானொலி நிலையத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது பேச்சை அல்ல, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்ன நெம்பைக் கையாள்வதை. எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். தையல் மிஷினிலும் அப்படி ஒன்று உண்டு. சில மாதிரிகளில் வேகத்துக்கு உச்ச வரம்பு வைக்கும் நெம்பு முன்பக்கத்திலேயே இருக்கும். அதைக் குறைந்த அளவில் வைத்துவிட்டால் பிள்ளை மிதியை எவ்வளவு அழுத்தினாலும் மிஷின் நடைபோடும், ஓடாது. கடையிலேயே அதைக் குறைந்த அளவில் வைத்து, மிதியை முழுதாக அழுத்திப் பாருங்கள். தையலை ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ண முடிந்தால் அது பிள்ளைக்கு ஏற்ற வேகம். மிதியிலிருந்து காலை எடுத்த கணமே நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

கைமிஷின் என்ற பழைய வழி

பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் காட்டியது இன்னொரு வழி. கறுப்பு உடல், தங்க நிறப் பூ வேலை, பக்கத்தில் கையால் சுற்றும் பிடி. நம் பாட்டிமார் காலத்துக் கைமிஷின்.

ஐசக் மெரிட் சிங்கர் தம் தையல் மிஷினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851இல். சில ஆண்டுகளிலேயே அவருடைய நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத குடும்பங்களுக்குள் மிஷின் நுழைந்தது அப்படித்தான். அந்த நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் 1885 முதல் 1980 வரை இயங்கியது. பழைய மிஷின்களின் மாதிரி எண்ணோடு ‘கே’ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்திருந்தால் அது அங்கே, கில்போவி ஆலையில் செய்யப்பட்டது என்று பொருள். அவற்றில் 99 என்ற மாதிரி முழு மிஷினின் முக்கால் அளவுதான். பிள்ளைகளுக்குப் பொருத்தமான உருவம்.

கைமிஷினில் பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மைகள் மூன்று. கை நின்றால் மிஷினும் நின்றுவிடும். வலக்கை பிடியைச் சுற்றுவதால் ஊசிப் பக்கம் இருப்பது இடக்கை ஒன்றே. மின்சாரம் வேண்டாம், மிதியை எட்ட வேண்டிய கவலையும் இல்லை. துணியை ஒரே கையால் திருப்பப் பழக வேண்டும் என்பது ஒன்றுதான் சிரமம். நேர்த்தையல் மட்டுமே வரும். அதனால் துணி ஓரம் பிசிறு விடாமல் இருக்க மடித்துத் தைக்கவும் பிள்ளை கற்றுக்கொண்டுவிடும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியது ஊசி. இன்று கடைகளில் கிடைக்கும் ‘எச்ஏ எக்ஸ் 1’ என்ற வீட்டு மிஷின் ஊசிதான் பழைய சிங்கரின் 15, 66, 99 போன்ற மாதிரிகளுக்கும் பொருந்துகிறது. மிகப் பழைய சில மாதிரிகளுக்கு அது பொருந்தாது. அவை அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான் லாயக்கு. பாபினும் அதன் கூடும் மிஷினோடு இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய மின்சார மிஷின்களும் நம் நாட்டில் விற்கப்படுகின்றன. தரமானவை பல உண்டு. ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், இங்கே 240. தகுந்த மின்மாற்றி இல்லாமல் நேராகச் சொருகினால் மோட்டார் கருகிவிடும். மிஷினின் பின்புறத் தகட்டில் வோல்ட் எண்ணைப் படிக்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். எந்த மின்சார மிஷினாக இருந்தாலும் பிளக்கில் சிரிம் முத்திரை இருக்கட்டும்.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

துணியை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் மொடமொடப்பான துண்டில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். பழைய பருத்திப் போர்வைத் துண்டு, வழுக்கும் ரவிக்கை லைனிங், ஜீன்ஸ் துண்டு ஒன்று. மூன்றிலும் ஓரத்தை மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பிறகு துணியைத் திருப்பிப் பாருங்கள். மேலும் கீழும் தையல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோக்கப்படவில்லை. அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீண்டும் கோத்துத் தைத்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருந்தால் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே போய் உட்காராது.

அடுத்தது, பிள்ளையையே நூல் கோக்கச் சொல்லுங்கள். பாபின் மேலிருந்து போடும் வகையாக, கண்ணாடி மூடியோடு இருந்தால் அடிநூல் எவ்வளவு மீதம் என்று அவளாலேயே பார்க்க முடியும். ஒவ்வொரு முறை நூல் அறுந்தாலும் அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தால் அது அம்மாவின் மிஷின்தான், பிள்ளையுடையது அல்ல.

மிஷினை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். உள்ளே இரும்புச் சட்டம் உள்ள மிஷின் கையில் கனக்கும். ஓடும்போது மேசையில் நகராது. கடைசியாக, சத்தம். நான் காதால் பிழைக்கிறவள். ஆனாலும் அம்மாவின் காது வேறு ரகம். பழைய கைமிஷினின் சக்கரத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். “ஒரே சீரா வருது. நடுவுல ‘டக்’னு ஒரு சத்தம் வந்தா உள்ள ஏதோ இடிக்குதுன்னு அர்த்தம்” என்றார். பழுது பார்க்கும் பெரியவர் சிரித்துக்கொண்டே, “அக்காவுக்குத் தொழில் தெரியுது” என்றார்.

மேசையும் நாற்காலியும்

நம் சாப்பாட்டு மேசை பெரியவர்களின் உயரத்துக்குச் செய்தது. பிள்ளை அதில் உட்கார்ந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு தைக்க வேண்டியிருக்கும், ஊசியும் முகத்துக்கு நேரே வந்துவிடும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி இருக்கையை உயர்த்துங்கள். அப்போது கால் தரைக்கு எட்டாது. அதனால் மின்சார மிஷினின் மிதியை அசையாத ஒரு மரப்பெட்டியின் மேல், வழுக்காத விரிப்புப் போட்டு வையுங்கள். விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும். அம்மாவின் முதுகு வலிக்குப் பாதிக் காரணம் தாழ்ந்த நாற்காலியும் தலைக்குப் பின்னால் எரிந்த ஒற்றை பல்பும் என்பது அவருடைய கணிப்பு.

நூல் இல்லாமல் தொடங்கலாம்

மிஷின் வருமுன் பிள்ளை தயாரா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும். ஊசியில் நூல் கோத்து ஒரு பொத்தானைத் தைக்கத் தெரிகிறதா? போட்ட கோட்டின் மேலேயே கத்தரிக்கோலால் வெட்ட வருகிறதா? “நிறுத்து” என்றால் உடனே நிறுத்துகிறாளா? மூன்றாவது இல்லையென்றால் இன்னும் ஓர் ஆண்டு காத்திருங்கள். கை ஊசியிலும் நூலிலும் கற்க நிறைய இருக்கிறது. பையன்களுக்கும் இதே சோதனைதான். மஸ்ஜிட் இந்தியாவில் நான் பேசிய தையல்காரர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிஷின் வந்ததும் நூல் போட வேண்டாம். பழைய பயிற்சிப் புத்தகத் தாளில் நேர்க்கோடு, வளைவு, கட்டம் என்று வரைந்து, வெறும் ஊசியால் கோட்டின் மேல் ஓட்டட்டும். துளைகள் கோட்டின் மேலேயே விழுந்தால் கை பழகிவிட்டது. தாள் ஊசியை மழுங்கச் செய்யும் என்பதால் துணிக்கு வேறு ஊசி மாற்றுங்கள். பருத்திக்கு 80/12, ஜீன்ஸுக்கு 100/16, மெல்லிய பட்டுக்கு 70/10. டிசட்டை போன்ற இழுபடும் துணிக்கு முனை உருண்ட ஊசி என்று கேட்டு வாங்க வேண்டும். எண்ணெய் விடுவதென்றால் மிஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசின்போல் ஒட்டிக்கொண்டு மிஷினை இறுக்கிவிடும்.

எங்கள் வீட்டு விதிகள் நான்கு. தைக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தலைமுடியைக் கட்டியிருக்க வேண்டும். ஊசி மாற்றும் வேலை பெரியவருடையது. மின்சார மிஷினாக இருந்தால் அதற்குமுன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். தைத்து முடித்ததும் ஊசியையும் குண்டூசியையும் எண்ணிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

பாட்டி போட்ட நிபந்தனை

புதிய மின்சார மிஷின்களில் நான் பார்த்த எளிய மாதிரிகள் ஐந்நூறு வெள்ளியை ஒட்டி இருந்தன. அவற்றிலும் நல்லவை உண்டு. நாங்கள் எடுத்தது அந்தப் பெரியவரின் கடையிலிருந்த கைமிஷின். பழுது பார்த்து, எண்ணெய் விட்டு, பாபினில் நூல் சுற்றும் பகுதிக்குப் புது ரப்பர் வளையம் போட்டு, 350 வெள்ளி. அடியில் பொறித்த எண்ணை வைத்துப் பார்த்தால் 1950களில் ஸ்காட்லாந்தில் செய்தது.

காரில் வரும் வழியில் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். “எஸ்.பி.எம். முடியற வரைக்கும் யாருக்கும் காசுக்குத் தெச்சுக் கொடுக்கக்கூடாது. தனக்குத் தேவையானத தானே தெச்சுக்கிட்டா அது கெட்டிக்காரத்தனம். அடுத்தவங்க அவசரத்துக்குத் தெச்சா அது வேற. அது எனக்குத் தெரியும்.” அவர் அஞ்சியது ஊசியையும் நூலையும் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நள்ளிரவுகளையும், ஐம்பது காசுக்குப் பேரம் பேசிய வாடிக்கையாளர்களையும் அவர் மறக்கவில்லை.

இப்போது சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மிஷின் திறக்கும். பாட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். துணியில் கை வைக்க மாட்டார், வாயால்தான் சொல்வார். முதல் மூன்று வாரம் தாளும் வெறும் ஊசியும். நான்காவது வாரம், அம்மாவின் பழைய வாயில் சேலையில் ஒரு தலையணை உறை. மகள் அதைக் கொண்டு வந்து நீட்டியபோது அம்மா முதலில் திருப்பி அடித்தையலைப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் பிடித்து, அன்று பொம்மை மிஷின் தையலை இழுத்த அதே வேகத்தில் இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

“கோணலா இருக்கு. ஆனா பிரியாது” என்றார்.

அடுத்த சனிக்கிழமை மீதித் துணியில் பாட்டியின் மூக்குக் கண்ணாடிக்கு ஓர் உறை தைக்கத் திட்டம். நிபந்தனைப்படி கூலி கிடையாது.